இடது தோளில் வெசாக் மல்

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு வெசாக் போயா என்ற பௌத்தப் பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில், ஹார்ட்பரி ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மூன்றாம் லயத்தின் ஐந்தாம் காம்பிரா அறையில் இருந்த ஜீவராணியின் இடது தோளில் மூன்று பூக்கள் பூத்தன. வெளிர் ஊதா நிறம், தலை கவிழ்ந்த மணி வடிவம், உள் உதட்டில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கறை. அது ஊரடங்குக் காலம். கரவனெல்லக் கடைகளில் பருப்பு இல்லை என்ற செய்தியும் அன்று காலையில்தான் வந்தது. இரண்டு செய்தியும் ஒன்றாகவே லயம் முழுக்கப் பரவின. பருப்புச் செய்திக்குத்தான் ஆட்கள் அதிகம் கலங்கினார்கள். பூவைப் பார்க்க வந்தவர்களும் பார்த்துவிட்டு, "ஒங்க வீட்டுல ஒரு சுண்டு பருப்பு இருக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

செடி முளைத்தது அதற்கு ஐந்து வாரம் முன்பு, சித்திரை வருஷப்பிறப்புக்கும் முந்தி. முதலில் தோளில் பச்சையாய் ஒரு மிளகளவு. பிறகு வெள்ளை நூலாய் நாலைந்து வேர்கள் தோள்பட்டை எலும்பைச் சுற்றிப் படர்ந்தன. பிறகு முழங்கை வரை தொங்கும் இரண்டு மெல்லிய தண்டுகள். இந்தச் செடி விதையிலிருந்து பூவுக்கு வர ஐந்து வருஷமாவது ஆகும் என்று பின்னால் விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஜீவராணியின் தோளில் ஐந்து வாரம் போதுமானதாக இருந்தது. ஊரடங்கில் அதற்கும் வேறு வேலை இருந்திருக்காது என்பது பக்கத்துக் காம்பிராப் பழனியாண்டியின் அபிப்பிராயம்.

இந்தச் செடியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சிங்களத்தில் வெசாக் மல் என்பார்கள். வெசாக் மாதத்தில் பூப்பதால் வந்த பேர். உலகத்தில் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இது காட்டில் முளைப்பதில்லை. தீவிலும் மழை ஓயாத இந்த மூலையில், ஓடைக்கரை மரங்களில்தான். மண்ணில் வைத்தால் அழுகிப்போகும். மரத்தின் பட்டையைப் பிடித்துக்கொண்டு, காற்றில் இருக்கும் ஈரத்தையும் பட்டையில் வழியும் மழைநீரையும் வாங்கிக்கொண்டு பிழைக்கும். பிடித்த மரத்திடம் இருந்து ஒரு சொட்டும் எடுக்காது. இதெல்லாம் புத்தகத்தில் உள்ள விஷயம். ஹார்ட்பரித் தமிழர்களுக்குப் புத்தகம் எட்டவில்லை. மரத்தில் ஒட்டி வளரும் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரே பேர்தான் இருந்தது. புல்லுருவி. புல்லுருவி மரத்தின் பாலைக் குடிக்கும், பால் குறைந்தால் பேர் என்கிற நாட்கூலிக் கணக்கு குறையும், முழுப்பேர் விழ வேண்டிய நாளில் அரைப்பேர் விழும், ஆகவே கண்ட இடத்தில் சுரண்டு. நாலு தலைமுறையாக இதுதான் பாடம்.

அந்தப் பாடத்தில் ஜீவராணியை மிஞ்ச ஆளில்லை. முப்பத்தொரு வருஷம் பால் வெட்டியவள். அவள் பொறுப்பில் ஏழாம் நம்பர் மலையில் இருநூற்றெண்பது ரப்பர் மரங்கள். விடியும் முன் எழுந்து, ஒவ்வொரு மரத்திலும் காகிதக் கனத்துக்குப் பட்டையைச் சீவி, சிரட்டையை நேராக்கி, அடுத்த மரத்துக்கு நகர்வாள். மாசக் கடைசியில், தோட்டத்து மேனேஜரான தொரை மலை பார்க்க வருவதற்கு முன்னால், வெட்டுக்கத்தியின் முதுகால் எல்லா மரத்தையும் கவைவரை சுரண்டித் துடைப்பாள். பாசி, பன்னம், கொடி, வெசாக் மல், எல்லாம் ஒரே குவியலாய்க் கீழே கிடக்கும். "ஜீவராணி மரத்துல ஈ குந்துனா வழுக்கும்" என்று கணக்கப்பிள்ளை ஸ்ரீதரன், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நாலு பேர் முன்னால் சொல்வார். அவளுக்கு அதில் பெருமைதான். ஏன் இருக்கக் கூடாது? வேலையைச் சரியாகச் செய்கிறவளுக்கு வேறு என்ன கிடைத்தது அங்கே?

அவள் புருஷன் இந்திரகுமாருக்கு அவளை ஒட்டினாற்போல் அடுத்த இருநூற்றெண்பது மரங்கள். அவனும் நல்ல வெட்டுக்காரன்தான், ஆனால் சுரண்டுவதில் சோம்பல். ஓடையோரம் அவன் பங்கில் கடைசியாய் நின்ற மரத்தின் கவையில் ஒரு வெசாக் மல் இருந்தது. அதை மட்டும் அவன் தொடவே இல்லை. கேட்டவர்களிடம், மாரியம்மனுக்கு நேர்ந்து விட்டது என்று கூசாமல் புளுகினான். மாரியம்மன் எப்போது ரப்பர் மரத்தில் நேர்ச்சை வாங்கினாள் என்று கேட்க ஸ்ரீதரனுக்குப் பயம். இப்படிப் பதினாலு வருஷம் அந்தச் செடி தப்பியது. மே மாதத்தில் பூத்தால் இந்திரகுமார் அந்த மரத்தடியில்தான் சோத்துப் பொட்டலத்தைப் பிரிப்பான். ஜீவராணியிடம் ஒரு தரம் சொன்னான்: "அது எதையும் குடிக்கல புள்ள. இந்த மரத்துப் பாலு எந்த மரத்துக்குங் கொறைச்சலில்ல. நான் அளந்து பாத்துட்டேன்." அவள் நம்பவில்லை. கெட்டிக்காரிகள் சோம்பேறிகளின் சொல்லை நம்புவதில்லை.

இந்திரகுமாருக்கு வலது முழங்காலில் கோளாறு. மலை இறங்கும்போது பால் வாளியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை ஜீவராணியின் இடது தோளில் வைத்து, அவள் பின்னாலேயே வழுக்கல் படியில் இறங்குவான். இருபது வருஷம் தினமும் அப்படித்தான். லயத்துப் பெண்கள் ஆரம்பத்தில் கேலி செய்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அவன் கை வைக்காத நாளில் தோள் காற்றுப் பட்டாற்போல் லேசாய் இருக்கும், அது அவளுக்குப் பிடிக்காது.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் அவனுக்கு நெஞ்சுவலி வந்து கரவனெல்ல ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தான். அந்த ஒன்பது நாளும் அவன் மரங்களையும் அவளே பார்த்தாள். மாசக் கடைசி வந்தது. ஓடையோர மரத்தடியில் நின்று மேலே பார்த்தாள். புருஷன் இல்லாத நேரத்தில் அவன் பங்கு மரம் அசிங்கமாய் இருக்கிறது என்று தொரை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? ஏணியைச் சாத்தி ஏறினாள். கத்தி முதுகால் சுரண்டினால் செடி வரவில்லை. கத்தியைத் திருப்பி அலகால் சுரண்டினாள். பட்டையோடு பிய்ந்து விழுந்தது. மரத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் காயம். பத்தாம் நாள் வந்த இந்திரகுமார் மரத்தடியில் சோத்துப் பொட்டலத்தோடு வெகுநேரம் நின்றான். அன்றும் அவள் தோளில் கை வைத்துத்தான் இறங்கினான். திட்டியிருந்தால் அவள் பதிலுக்குத் திட்டி அதோடு மறந்திருப்பாள். அவன் திட்டாமலே அடுத்த மாசம் போய்ச் சேர்ந்தான்.

தோட்டத்துச் சுடுகாட்டுக்குப் போகும் பாதை அந்த மழையில் சரிந்து கிடந்ததால் அவனை ஏழாம் நம்பர் மலையில், அந்த ஓடையோர மரத்தடியிலேயே புதைத்தார்கள். தொரையும் சரி என்றார். குழிமேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் கிடக்குமளவுக்கு இடம் இருந்தது. ஜீவராணி அதை அப்போதே பார்த்து வைத்துக்கொண்டாள். இதில் ஒரு சிக்கல் உண்டு. தோட்டத்தில் புதைகுழிக்கு ஆயுசு கம்மி. முப்பது வருஷம் முடிந்தால் கிழட்டு மரங்களைப் பிடுங்கி, மலையை உழுது, புதுக் கன்று நடுவார்கள். மேடு, கல், செவ்வரளி எல்லாம் அதோடு சமமாகும். ஹார்ட்பரியில் தன் பாட்டன் எங்கே கிடக்கிறான் என்று விரல் நீட்டிக் காட்டக்கூடிய ஆள் ஒருவனும் இல்லை. பழனியாண்டி மட்டும் பதினோராம் நம்பர் மலை முழுவதையும் கையால் வளைத்துக் காட்டி, "இதுக்குள்ளதான் எங்கயோ" என்பார்.

இப்படியிருக்கத்தான் தோளில் செடி முளைத்தது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: புல்லுருவி. ரத்தத்தைக் குடித்துவிடும், ஆளே சருகாகிவிடுவாள், சுரண்டி எறி. அதுவும் யாருக்குச் சொல்கிறார்கள்? சுரண்டுவதற்கே பேர்போன ஜீவராணிக்கு. அவளும் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு, வாசற்படியில் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை முழங்காலில் சாய்த்து வைத்தாள். கத்தி முனையால் ஒரு வேரின் நுனியை மெல்ல நெம்பிப் பார்த்தாள். அடியில் ரத்தம் இல்லை, நீர் இல்லை, ஒரு சிவப்புப் புள்ளி கூட இல்லை. தோல் காய்ந்து முழுசாய் இருந்தது. வேர் தோலுக்குள் போகவே இல்லை. மேலே கை வைத்தாற்போல் சும்மா வைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு வேர், இன்னொன்று. எல்லாம் அப்படியே. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை சுரண்டியிருப்பாள்? அவளால் எண்ண முடியவில்லை. கவையில் இருந்த அந்த ஒன்று மட்டும் கண்ணில் நின்றது. கத்தியைப் படியில் வைத்துவிட்டு அவள் அழுதாள். செத்த வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை என்று பழனியாண்டி பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார். யானைக்கும் அடி சறுக்கும், ஆனால் முப்பத்தொரு வருஷம் சறுக்கிக்கொண்டே போனது என்று ஒரு யானை தெரிந்துகொள்வது லேசான காரியமில்லை.

"என்ன தங்கச்சி, சொரண்டலயா?" என்று பழனியாண்டி கேட்டார்.

"கொசு குடிக்கிது, அட்டை குடிக்கிது. இது ஒண்ணுமே குடிக்கலண்ணே" என்றாள் ஜீவராணி. "இருந்துட்டுப் போகட்டும்."

அன்று முதல் அவள் அதை வளர்க்கக் கற்றுக்கொண்டாள். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை, செடியே சொன்னது. வேர் வெள்ளையாய் இருந்தால் தாகம், பச்சையாய் மாறினால் போதும். காலையில் தண்ணீர் தெளித்தால் வாங்கிக்கொள்ளும். பொழுது சாய்ந்து தெளித்தால் தண்டின் அடி கறுக்கும். உச்சி வெயில் ஆகாது. அடுப்புப் புகை ஆகவே ஆகாது, ஆகவே இடது பக்கம் சுவரைப் பார்க்க நின்று சமைக்கப் பழகினாள். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் அரிசி கழுவின தண்ணீரை நிறையப் பச்சைத்தண்ணீர் கலந்து கொடுப்பாள், அதற்கு மேல் ஒரு உரமும் கேட்கவில்லை. இலை உதிர்ந்த தண்டைச் செத்தது என்று ஒடிக்கக் கூடாது, அதன் நுனியில்தான் அடுத்த மே மாதம் பூ வரும். இதை அவள் ஒரு தண்டை ஒடித்த பிறகுதான் தெரிந்துகொண்டாள். வலது பக்கம் ஒருக்களித்துத் தூங்கினாள். சட்டையின் இடது கையை வெட்டி ஓரம் அடித்தாள். மழை பிடித்தால் எல்லாரும் உள்ளே ஓடும்போது இவள் மட்டும் வாசலில் போய் நிற்பாள், தோள் பச்சையாகும் வரை. எடை அதிகமில்லை. ஒரு கையின் கனம்.

மறுவருஷம் ஒருவர் கைப்பேசியில் எடுத்த படம் எங்கெங்கோ சுற்றி, அரிய தாவரங்களைப் பதிவு செய்யும் ஒரு அரசாங்க அலுவலகத்தை எட்டியது. மாவனெல்லைக்காரி பளீலா என்ற உத்தியோகத்தர் அளவு நாடாவும் ஒரு தடித்த பதிவேடுமாக வந்து சேர்ந்தாள். தோளைச் சுற்றி வந்து பார்த்தாள். தண்டுகளை எண்ணினாள். ஆச்சரியப்பட்டதாய்த் தெரியவில்லை. இந்தச் செடி குறைந்துகொண்டே போகிறது, எங்கே பிடித்தாலும் சந்தோஷம் என்றாள். பிறகு உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். தாங்கும் மரம் என்ற கட்டத்தில் "ஜீவராணி, வயது ஐம்பத்தொன்பது" என்று எழுதினாள். இடம் என்ற கட்டத்தில் "இடது தோள்" என்று எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"இடத்துக்குச் சொந்தக்காரர் யாருண்டு கேக்குது. காணி தோட்டத்துக்குத்தானே சொந்தம்?"

"காணி அவங்களுது, காம்பிரா அவங்களுது" என்றாள் ஜீவராணி. "தோளு எங்களுதுதான் மிஸ்."

பளீலா அப்படியே எழுதிக்கொண்டாள். போகும்போது சட்டத்தை விளக்கினாள். பதிவான செடியைப் பிடுங்கக் கூடாது. அனுமதிக் கடிதம் இல்லாமல் ஊர் விட்டு ஊர் கொண்டு போகக் கூடாது. அது இருக்கும் இடத்தைச் சுற்றி நாற்பதடிக்குள் மரம் வெட்டவோ மண் கிளறவோ கூடாது. ஜீவராணி இதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாள். பழனியாண்டி விடவில்லை. நாற்பதடி எவ்வளவு என்று அன்றைக்கே எட்டு வைத்து நடந்து பார்த்தார்.

டீசல் இல்லாத வருஷம் வந்தது. ஏழாம் நம்பர் மலையைப் பிடுங்கிப் புதுக் கன்று நட வேண்டிய வருஷமும் அதுதான். மெஷின் ஓட எண்ணெய் இல்லாததால் தள்ளிப்போனது. நாடே வரிசையில் நின்ற அந்த வருஷத்தில் ஜீவராணி ஒருத்திதான் டீசல் வராதிருக்க வேண்டிக்கொண்டவள். இருபத்து மூன்றில் டீசல் வந்துவிட்டது. வைகாசி முடிந்து மெஷின் வரும் என்று ஸ்ரீதரன் பெரட்டில் வாசித்தார். அதே வாரம் காம்பிராவைக் காலி செய்யச் சொல்லி அவளுக்கு ஒரு கடிதமும் வந்தது. அவள் வயசாகி வேலையை விட்டு நின்றிருந்தாள், வேலைக்குப் போகாத ஆளுக்கு லயத்தில் இடமில்லை என்பது பழைய சட்டம். தொரை கெட்டவர் இல்லை, கடிதத்தில் 'தயவுசெய்து' என்று போட்டிருந்தார்.

செய்தி கேட்டு மகள் விஜயகலா வரக்காப்பொலயிலிருந்து வந்தாள். அங்கே பாத்திரக்கடைக்காரர் மகனைக் கட்டி, கடைக்குப் பின்னாலேயே இரண்டு அறையும் மின்விசிறியுமாய் நன்றாக இருப்பவள். அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்கு அஞ்சு வருஷ ஆசை. அந்த ஆசையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பளீலாவிடம் பேசி, செடியைக் கொண்டுபோகும் அனுமதிக்கு விண்ணப்பத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். வந்ததும் தாயின் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

"வெயிலுக்கு வலை அடிச்சுத் தரச் சொல்லியிருக்கேன். காலைல தண்ணி நானே தெளிப்பேன். இன்னும் என்னம்மா?"

"ஒங்கப்பாவ என்ன செய்றது?"

"அப்பா மண்ணுலயாம்மா இருக்காரு? எங்க மனசுலதான் இருக்காரு."

"மனசுல இருக்கட்டும். மனசுக்குள்ள மெஷின விட்டு ரப்பர் கன்னு நட மாட்டாங்க. இங்க நடுவாங்கடி." ஜீவராணி மகள் மடித்த துணியைப் பையிலிருந்து எடுத்து மறுபடி கொடியில் போட்டாள். "ஒனக்கு ஒண்ணு தெரியாது. கவையில இருந்த செடிய காத்து அடிச்சு விழுந்துச்சுன்னு ஒன்கிட்ட சொன்னேன்ல? காத்து இல்ல. நாந்தான் சொரண்டுனேன். அவரு ஆஸ்பத்திரில கெடக்கையில ஏணி போட்டு ஏறிச் சொரண்டுனேன். வந்து பாத்தாரு. ஒரு வார்த்த கேக்கல. எந்தோளப் புடிச்சுக்கிட்டு எறங்குனாரு, இந்த எடத்துல. அந்த மனுசன் கெடக்குற எடத்தையும் சொரண்ட விட்டுட்டு நான் எங்கடி வர?"

விஜயகலா விண்ணப்பத்தை நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். கோபம்தான் அவளுக்கு. அம்மாவுக்கு உயிரோடு இருக்கிற மகளைவிடச் செத்த புருஷன் பெரிதாய்ப் போனதே என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது. அது ஜீவராணிக்கும் தெரியும். அன்று அவள் சோறு ஆக்கவில்லை.

மெஷின் வந்த அன்று விடியும்போதே அவள் ஏழாம் நம்பர் மலைக்குப் போய், ஓடையோர மரத்தில் முதுகைச் சாய்த்துக் குழிமேட்டுப் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தோளில் பூ மிச்சம் இருந்த காலம். மெஷின்காரர் ரம்புக்கனைச் சிங்களவர், வயசானவர். இறங்கி வந்து, அம்மா, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்றார். அவள் நல்ல சிங்களத்தில், நான் தள்ளுவேன், செடி தள்ளாது, பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் பூவைப் பார்த்தார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெசாக் மல் பூவைப் பார்த்தால் அந்தத் தலைமுறைக்கு அப்படித்தான். ஸ்ரீதரன் ஓடிவந்தார், தொரைக்குப் போன் போனது, தொரை பளீலாவின் அலுவலகத்துக்குப் போன் போட்டார். பதில் சுருக்கமாய் வந்தது. செடி எங்கே இருக்கிறதோ அங்கிருந்து நாற்பதடி.

"இந்தம்மா எந்திரிச்சுப் போனா செடியும் போயிருமே" என்றார் ஸ்ரீதரன்.

"போனா வெட்டுங்க" என்றார் பழனியாண்டி. "அதுவரைக்கும் நாடாவப் புடிங்க கணக்கப்பிள்ளை. ஒரு முனை என்கிட்ட."

நாடா பிடித்து, வட்டமாய்ச் சுண்ணாம்பு போட்டார்கள். மெஷின் வட்டத்துக்கு வெளியே பதினோரு நாள் ஓடியது. பதினோரு நாளும் வெளிச்சம் வருவதற்கு முன்னால் ஜீவராணி அங்கே இருப்பாள், மெஷின் நின்ற பிறகுதான் இறங்குவாள். மழை விடாமல் பெய்தது. அட்டைகள் இரண்டு காலிலும் ஏறி வயிறு முட்டக் குடித்தன. பழனியாண்டி உப்பும் எலுமிச்சையும் கொண்டுவந்து கொடுத்தார். லயத்துப் பெண்கள் முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள். ஒன்பதாம் நாள் சோற்றுப் பாத்திரத்தோடு வந்தது விஜயகலா. தாய் சாப்பிட்டு முடிக்கும் வரை குடையை இடது தோளுக்கு மேல் வராமல் பார்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், மழை செடிக்கு வேண்டும் என்பதால். பன்னிரண்டாம் நாள் மெஷின் லொறியில் ஏறிப் போனது. ஏழாம் நம்பர் மலை மொட்டையாகி, நடுவில் பத்துப் பதினைந்து கிழட்டு மரங்களோடு ஒரு வட்டம் மட்டும் நின்றது. தொரை அதைத் தோட்டத்து வரைபடத்தில் வெள்ளையாய் விட்டார். காம்பிராக் கடிதத்தைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. நாற்பதடி என்று பார்த்தால் ஐந்தாம் காம்பிரா மட்டுமல்ல, பாதி லயமும் அதற்குள் வந்துவிடும் என்று ஸ்ரீதரனே அளந்து சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. வருஷாவருஷம் தண்டு கூடியது. ஏழு, பிறகு ஒன்பது, பிறகு பதினொன்று. கரவனெல்லப் பஸ்ஸில் அவள் ஏறினால் கண்டக்டர் இடது பக்கம் காலியாய் உள்ள இருக்கையில் உட்கார வைப்பார். வெசாக் நாளில் சிங்கள ஊர்ப் பெண்கள் வெள்ளை உடுத்து வந்து பார்த்துவிட்டு, ஒரு பூவும் கேட்காமல் போவார்கள். பளீலா ஆண்டுக்கு ஒரு தரம் வந்து எண்ணிக்கையைத் திருத்தி, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள். விஜயகலா மாசம் ஒரு தரம் வந்தாள். தாய்க்குத் தலை வாரிவிடும்போது வலது பக்கமாகவே வாரப் பழகினாள்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து மாசி மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்த ஜீவராணி எழுந்திருக்கவில்லை. வரக்காப்பொலயிலிருந்து மகள் வந்து சேர்ந்த பிறகு பெண்கள் குளிப்பாட்டத் துணியை விலக்கினார்கள். அஞ்சு வருஷமாய் யார் தொட்டும் அசையாத செடி தானாகக் கழன்று, விஜயகலாவின் கையில் வந்து உட்கார்ந்தது. ஒரு வேர் அறுபடவில்லை. தோளில் அது இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஐந்து கோடுகள் தெரிந்தன. வேரின் தடம் என்றார்கள் சிலர், விரலின் தடம் என்றார்கள் சிலர். இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்க அப்போது நேரமில்லை, சேர்த்தே மஞ்சள் பூசினார்கள்.

வட்டத்துக்குள், இந்திரகுமாருக்குப் பக்கத்தில், ஓர் ஆள் கிடக்குமளவு இருந்த இடத்தில் அவளை வைத்தார்கள். பறை அடித்து முடிந்து கடைசிப் பிடி மண் போடும் வரை விஜயகலா செடியைக் கீழே வைக்கவில்லை. மண்ணில் பட்டால் அழுகிப்போகும் என்பது அவளுக்குத் தெரியும். கடைக்குப் பின்னால் அடித்த நிழல்வலை அவள் வீட்டில் இன்னும் இருந்தது. அதை அவள் நினைக்காமல் இருந்திருக்க மாட்டாள். பழனியாண்டியிடம் ஏணி கேட்டாள். கவையில், ஒரு சாண் அகலத்துக்கு, ஏழு வருஷமாய் ஆறாமல் கறுத்துக் கிடந்தது ஒரு காயம். செடியை அதன் மேல் வைத்து, தாயின் பழைய சேலையில் கிழித்த துண்டால் இறுக்காமல் கட்டினாள். வேர் பிடிக்க மூன்று மாசமாவது ஆகும் என்று பளீலா போனில் சொன்னாள். பதினாறாம் நாள் கருமாதிக்குப் போய்ப் பார்த்தபோது துணி அவிழ்ந்து கீழே கிடந்தது. காயம் தெரியவில்லை, வேர்கள் அதை முழுசாய் மூடிப் பிடித்திருந்தன.

வெசாக்குக்கு இருபத்தாறு பூக்கள். பளீலா பதிவேட்டோடு வந்து, ஏணியில் ஏறி எண்ணி எழுதினாள். தாங்கும் மரம் என்ற கட்டத்தில் ஜீவராணியின் பேருக்குக் கீழே 'ரப்பர்' என்று சேர்த்தாள், பேரை அடிக்கவில்லை. இடம் என்ற கட்டத்துக்கு வந்தபோது, முதல் வருஷம் தான் எழுதிய "இடது தோள்" என்பதை மறுபடி வாசித்தாள். கீழே இரண்டு குழிமேடுகளையும் பார்த்தாள். பிறகு "இடம் மாறவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தலைமை அலுவலகம் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.